எக்ஸ்டர்னல் உட்கார்ந்த பக்கம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு இந்த வருடம்தான் முதல் வைவா டியூட்டி என்று கேள்விப்பட்டேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவது ஒரு விதம். வெளியூர்க் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த எக்ஸ்டர்னலோடு இன்டர்னலாக உட்கார்ந்து, நாம் சொல்லிக்கொடுத்த பிள்ளை வாய்மொழித் தேர்வில் திணறுவதை வாயை மூடிக்கொண்டு பார்ப்பது வேறு விதம். அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மணி அடிப்பதற்கு முன்பே டஸ்டரை வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிற ரகம் நான். ரிடயர் ஆகியும் குணம் மாறவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் எதுவும் வைத்திருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நான் சேர்ந்து, வேலை இன்னும் நிரந்தரமாகாத காலம். அந்தச் சமயத்தில்தான் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பைப் பற்றிய பாடம், அதாவது ஸ்டீரியோகெமிஸ்ட்ரி, அதுவரை ஏதோ ஊறுகாய் மாதிரி ஓரமாக இருந்தது. திடீரென்று முழுச் சாப்பாடாகிவிட்டது. ஆர், எஸ் என்று பெயர் வைக்கும் புது முறையும் உள்ளே வந்தது. துறையில் பெரியவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. "சின்னவங்க நீங்க எடுங்கம்மா, புதுசெல்லாம் உங்களுக்குத்தான் வரும்" என்று துறைத்தலைவர் என் தலையில் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

இந்தப் பாடம் உங்களுக்கு அத்துப்படி. ஆனாலும் ஆங்கிலத்தில் மட்டுமே படித்துப் பழகியவர்களுக்காக நான் வகுப்பில் சொன்ன விதத்தைச் சொல்கிறேன். ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு கைகள். நான்கு கைகளிலும் வெவ்வேறு பொருள் பிடித்திருந்தால், அந்த மூலக்கூறை இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல, எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றதாகாது. மிகக் கனம் குறைந்ததைப் பின்னால் வைத்து, மற்ற மூன்றையும் கன வரிசையில் சுற்றி வந்தால் வலப்பக்கமாகப் போவதற்கு ஆர் என்றும் இடப்பக்கமாகப் போவதற்கு எஸ் என்றும் பெயர். கைகளைப் பிய்த்து மாற்றி ஒட்டினால்தான் ஆர் எஸ்ஸாகும். ஆறு கார்பன் வளையம் நாற்காலி வடிவத்திலும் படகு வடிவத்திலும் நெளிவது இப்படியல்ல. அது ஒரே ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிறகு காலை நீட்டிக்கொள்வது. கட்டு எதுவும் அறுபடுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைக் காட்ட நல்ல மாடல் எதுவும் எங்கள் லேபில் இல்லை. வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுபோய், அதில் துடைப்பக் குச்சிகளைக் குத்தி, குச்சி நுனியில் சிவப்பு, பச்சை, மஞ்சள், அரக்கு என்று பட்டு நூல் துணுக்குகளைக் கட்டிக் காட்டினேன். காஞ்சிபுரத்தில் பட்டு நூல் துணுக்குக்கா பஞ்சம்? அந்த வருடம் முழுக்க எனக்கு உருளைக்கிழங்கு மேடம் என்று பெயர். வகுப்பு முடிந்ததும் கிழங்கை மூலக்கூறோடு வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பொரியல் செய்திருக்கிறேன்.

அந்த வகுப்பில் தேவசகாயமும் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் அந்த வருடத்து மாணவன் இல்லை. முந்தின வருடம் பிராக்டிகல் வைவாவில் தவறியவன். முசரவாக்கத்தில் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். ராணிப்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் லேபில் வேலை காலியாக இருந்தது. அங்கே ஃபோர்மேனாக இருந்த அவன் மாமா, "ரிசல்ட்டோட வா, இடத்தப் புடிச்சி வெக்கிறேன். இந்தத் தபாவும் கோட்ட வுட்டா வேற ஆளப் போட்டுக்குவாங்க" என்று சொல்லியிருந்தார். அதை அவனே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "இந்தத் தபா வுட மாட்டேன் மேடம்" என்றான்.

போன வருடம் அவன் தவறியது இந்த நாற்காலி, படகு விஷயத்தில்தான். இரண்டும் வெவ்வேறு பொருள் என்று அவன் சாதிக்க, அன்று வந்த எக்ஸ்டர்னல் இல்லையென்று சொல்ல, இவன் விடாமல் வாதாடியிருக்கிறான். தவறான விடை, போதாததற்குத் திமிர் என்ற பெயர். அன்றிலிருந்து அவனுக்குத் தன் மூளையின்மேல் நம்பிக்கை போய்விட்டது. வகுப்பில் சரியாகச் சொல்வான். "நிச்சயமா?" என்று கேட்டால் போதும், உடனே மாற்றிவிடுவான். இதற்காக அவனை நான் பலமுறை திட்டியிருக்கிறேன். திட்டினால் இன்னும் வேகமாக மாற்றுவான்.

பிராக்டிகல் பரீட்சை நாள் வந்தது. சென்னையிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். வயதில் மூத்தவர், நல்ல பாண்டித்தியம் உள்ளவர், நேர்மையானவர் என்று பெயர். கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டவர்களால் வருகிற தொல்லையைச் சமாளிப்பது சுலபம்.

வைவாவுக்கு ஒரு நீள மேசை. மாணவன் ஒரு பக்கம், எதிர்ப் பக்கத்தில் எக்ஸ்டர்னலும் நானும் உட்காரும்படி நாற்காலி போட்டிருந்தேன். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், அவர் மேசையின் தலைமாட்டில், மாணவனுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். அட்டெண்டர் என் காதருகில் வந்து, "சாருக்கு அந்தாண்ட காத்து வரலியாம் மேடம். ஃபேனுக்கு நேரா இஸ்த்துப் போட்டுக்கினாரு" என்றார். வெயில் காலம். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கே உட்கார்ந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

காலையில் வந்த எல்லாரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார். புளித்த தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலத்தைச் சிலுவைப் படமாகப் போடு, அது ஆரா எஸ்ஸா சொல். சிலுவைப் படம் என்பது கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடுகள். நடுவில் கார்பன், நான்கு முனையிலும் நான்கு தொகுதிகள். பிள்ளைகள் போட்டார்கள். ஆர் என்று சொன்னவர்களிடம் அவர் எஸ் என்றார். எஸ் என்று சொன்னவர்களிடம் ஆர் என்றார். ஒருத்தர் பாக்கியில்லை. நாலைந்து பேர் போவதற்குள் அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"யாரும்மா இந்தப் பாடம் எடுத்தது?"

"நான்தான் சார்."

"மொத்த கிளாஸுக்கும் தலைகீழா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

ஒருவர் இருவர் தப்பாகச் சொன்னால் அது அவர்கள் தப்பு. எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் அது வாத்தியாரின் தப்பு. புதுப் பாடம், சொல்லித்தர ஆளில்லாமல் நானாகப் படித்தது. ஏதோ ஒரு விதியை நான் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒரு வகுப்பையே கிணற்றில் தள்ளிவிட்டேனா? அந்தப் பிள்ளைகள் எதிரில் வந்து உட்கார்ந்து, நம்பிக்கையாக விடை சொல்லி, தப்பு என்று கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வெளியே போனார். எனக்குச் சோறு இறங்குமா? ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன். ஒருமுறை பார்த்தேன், சரி. அலமாரியில் காய்ந்து கிடந்த பழைய உருளைக்கிழங்கு மாடலை எடுத்து ஒவ்வொரு நூலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் சொன்னதுதான் சரி. ஆனால் அவ்வளவு படித்த மனிதர், எவ்வளவு உறுதியாக மறுக்கிறார்! எங்கள் இரண்டு பேரில் யாருக்கோ ஒருவருக்குப் புத்தி பிசகிவிட்டது. அவரைவிட எனக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றியது. நான் சரி என்று தெரிவதும், அவர் எங்கே தவறுகிறார் என்று தெரியாமலிருப்பதும் சேர்ந்தால் அது ஒரு நரகம். என்ன சொல்லிப் போய் அவர் முன் நிற்பது?

மதியம் முதல் ஆளாக வந்தவன் தேவசகாயம். காலையில் பரிசோதனையின்போது கை தவறி, கொடுத்த பொருளில் பாதியைத் தொட்டியில் கொட்டியிருந்தான். அதில் அவனுக்குப் பெரிதாக மார்க் எதுவும் கிடைக்காது. இந்த வைவா தூக்கிவிட்டால் உண்டு, இல்லையென்றால் ராணிப்பேட்டை இல்லை.

நாற்காலி, படகு பற்றித்தான் முதலில் கேட்டார். போன வருடம் அவனைக் கவிழ்த்த அதே கேள்வி. "ஒரே பொருள்தான் சார். கட்டு எதுவும் அறுபடல. முறுக்கிக்குது, அவ்ளோதான். நாற்காலி வடிவத்துல இடிச்சல் கம்மி, அதனால அதுலதான் ரொம்ப நேரம் இருக்குது" என்றான். எக்ஸ்டர்னல் முகம் சற்று மலர்ந்தது. காலையிலிருந்து அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்தது லாக்டிக் அமிலம். படத்தைப் போட்டான். காகிதம் பறக்காமலிருக்க மேலே பேப்பர் வெயிட். ஹைட்ரஜன் அவனுக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. யோசித்தான். "ஆர் சார்."

"தப்பு. நல்லாப் பார்."

தேவசகாயம் படத்தைப் பார்த்தான். விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. மறுபடியும் அவனுக்கு ஆர்தான் வருகிறது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். எனக்கு அதற்குமேல் நாற்காலியில் இருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தேன். பானை எக்ஸ்டர்னலின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி, அவர் தோளுக்கு மேலாகக் காகிதத்தைப் பார்த்தேன். ஹைட்ரஜன் கீழே இருந்தது. அவன் பக்கமிருந்து பக்கவாட்டில் இருக்கும் ஹைட்ரஜன், அவர் பக்கமிருந்து கீழ்முனையில் இருக்கிறது. எனக்குக் கையிலிருந்த தண்ணீர் புடவையில் சிந்தியது.

சிலுவைப் படத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கவாட்டுக் கைகள் இரண்டும் நம்மை நோக்கி முன்னால் வருகின்றன, மேல் கீழ்க் கைகள் இரண்டும் பின்னால் போகின்றன என்று வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஹைட்ரஜன் மேலேயோ கீழேயோ இருந்தால் மற்ற மூன்றைச் சுற்றுகிற திசையை அப்படியே சொல்ல வேண்டும், பக்கவாட்டில் இருந்தால் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிர்ப் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தால் பாதகமில்லை, பக்கவாட்டு பக்கவாட்டாகவே இருக்கும். அதனால்தான் எதிரே உட்கார்ந்த எனக்குப் பிள்ளைகள் சொன்னது சரியாகவே வந்தது. மேசையின் தலைமாட்டிலிருந்து பார்த்தால் முன்னால் வந்த கை பின்னால் போய்விடும். அவர் பார்த்தது பிள்ளைகள் போட்ட பொருளை அல்ல, அதன் கண்ணாடிப் பிம்பத்தை.

எழுத்து படுத்துக் கிடப்பது அவருக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். மாணவன் எழுதுவதை மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் தலைகீழாகவும் படித்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் அவருக்கு என்னைவிட அதிகம். படுத்திருந்த எழுத்தைக் கண் தானாகவே நிமிர்த்திப் படித்துவிட்டது, படத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. நம் தொழிலில் இருப்பவர் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு அது.

நான் கண்டுபிடித்து முடிக்கும்போது, "சரி சார். எஸ் சார்" என்றான் தேவசகாயம்.

எனக்கு அழுகை வராத குறை. சரியான விடையைக் கையில் வைத்திருந்தவன் அதைத் தானே கீழே போட்டுவிட்டான். எக்ஸ்டர்னல் மார்க் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்தார். மையில் எழுதிவிட்டால் அதைத் திருத்துவதற்குக் காரணம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். அவரைத் தனியாக அழைக்கவும் நேரமில்லை. மாணவன் முன்னால் "நீங்கள் உட்கார்ந்த இடம் சரியில்லை" என்று சொன்னால், எந்த மனிதரும் முதலில் தன் நாற்காலியைத்தான் காப்பாற்றிக்கொள்வார். அவர் ஒரு வார்த்தை துறைத்தலைவரிடம் சொன்னால் என் வேலையும் காலி. ஆனால் இன்டர்னலுக்கு ஒரு உரிமை உண்டு, எத்தனையோ பேர் பயன்படுத்துவதே இல்லை. அவரும் கேள்வி கேட்கலாம்.

"சார், நான் ஒரு கேள்வி கேக்கட்டுமா?" என்றேன்.

பேனாவை வைத்தார். "கேளுங்கம்மா."

"தேவசகாயம், காகிதத்தை நகர்த்தாதே. பக்கத்துல இன்னொரு படம் போடு. இதே பொருள்தான். ஆனா சார் அங்கே உட்கார்ந்து பார்த்தா அவருக்கு நேரா தெரியணும்."

அவன் முதலில் படத்தை அப்படியே சாய்த்துப் போட்டான். ஹைட்ரஜனை எழுதும்போது கை நின்றது. அதை அடித்தான். என்னைப் பார்த்தான். நான் புடவை ஈரத்தைத் துடைப்பதில் மும்முரமானேன்.

"மேடம், அப்படியே போட்டா வேற பொருளாப் பூடுது மேடம்."

"ஏன்?"

"எனக்கு முன்னாடி வர்ற கை ரெண்டும் சாருக்குப் பின்னாடி போற கையா ஆயிடுது. ஏதாவது ரெண்ட மாத்திப் போட்டாத்தான் அதே பொருளு வரும்." சொல்லிவிட்டு இரண்டு தொகுதிகளை இடம் மாற்றிப் போட்டான்.

எக்ஸ்டர்னல் அந்தப் புதுப் படத்தைப் பார்த்தார். பழைய படத்தைப் பார்த்தார். உடம்பைச் சாய்த்து, தேவசகாயத்தின் தோள் பக்கமாகத் தலையைக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்து அடக்கினேன்.

"நீ முதல்ல சொன்னதுதான் சரி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அப்புறம் ஏம்பா மாத்தின?"

"போன வருசம் நான் சொல்றதுதான் சரின்னு நின்னேன் சார். அது தப்பாப் பூடுச்சு. இந்த வருசம் சாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நான் எதுக்கு மார்க் போடறது? சொன்னதுக்கா, மாத்திக்கிட்டதுக்கா? நாளைக்கு இவன் ஒரு ஃபேக்டரி லேபுக்குப் போறான்னு வைங்க. மேனேஜர் மிரட்டினா சரியான பாட்டில்ல தப்பான லேபிளை ஒட்டிடுவானே!"

நியாயமான கேள்விதான். ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் எனக்கு ஒன்றாகப் பொங்கிவிட்டது.

"பயந்தவனுக்கு மார்க் குறைப்பீங்க சார். பயமுறுத்தினவங்களுக்கு யார் குறைக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. என் வேலை, இன்னும் நிரந்தரமாகாத அந்த வேலை, எனக்கு முன்னாலேயே எழுந்து வாசலுக்குப் போவது போலிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகராமல் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் படத்தை விரலால் தட்டினார்.

"இதோ பாருப்பா. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கேன். சென்னையில இருந்து வந்திருக்கேன், உன் மார்க் என் கையில இருக்கு. நான் இதை எஸ்ஸுன்னு சொல்றேன். நீ என்ன சொல்ற?"

இப்படியும் ஒரு சோதனையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தேவசகாயம் என் பக்கம் திரும்பினான். ஒரு தலையசைப்பு போதும் அவனுக்கு. நான் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் ஒரு பானையைப் பார்த்ததில்லை. நீங்களும் ஒருநாள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டி வரும். உதவி செய்வதைவிட அது கஷ்டம், சொல்லிவிட்டேன்.

அவன் படத்தைப் பார்த்தான்.

"நீங்க எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாலும் அது ஆர்தான் சார்" என்றான். சொல்லிவிட்டு, மாற்றாமல் இருந்தான்.

எக்ஸ்டர்னல் பேனாவைத் திறந்து எழுதினார். நான் தள்ளி நின்றே படித்தேன். பாஸுக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. "போயிட்டு வா" என்றார். தேவசகாயம் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கீழே விழுந்தது. அதைத் தூக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினான்.

அட்டெண்டர் அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தார். எக்ஸ்டர்னல் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, காற்றே வராத என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"காலைல நான் தப்புன்னு சொன்ன பிள்ளைங்க எல்லாரையும் திரும்ப வரச் சொல்லுங்கம்மா" என்றார்.